தாகத்தின் பெயரால்: தைத்தானியமீரொட்சைட்டு ஆய்வை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

விஞ்ஞான ஆய்வுக்கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்போர் அவற்றில் ஒரு வழக்கத்தைக் கண்டிருப்பர். யாதேனும் ஒரு தூளின் பளிங்கமைப்பையும் நிறத்தையும் பற்றிய கட்டுரையும் பெரும்பாலும் உலகின் துயரத்திலிருந்தே தொடங்கும். தூய குடிநீர் கிட்டாத மக்கள், தீர்ந்துவரும் எரிபொருள், வெப்பமுறும் புவி ஆகிய யாவும் முதற் பந்தியில் இடம்பெறும். இரண்டாம் பந்தியில் ஆய்வாளர் தமது தூளை அறிமுகஞ் செய்வார். அதன்பின் அம்மக்களை நாம் காண்பதில்லை. முடிவுரையின் இறுதி வாக்கியத்தில், இப்பொருள் நீரைத் தூய்மையாக்கவும் சூரிய சக்தியைப் பெறவும் பயன்படக்கூடும் என்ற கூற்றில் அவர்கள் ஒரு கணம் தலைகாட்டி மறைவர்.

இவ்வழக்கம் வெறும் நடை சார்ந்ததா, அன்றி அறஞ் சார்ந்ததா? பிறருடைய தாகத்தைத் தன் ஆய்வுக்குக் காரணமாகக் காட்டும் ஒருவன் அத்தாகத்துக்கு யாதேனும் கடன்படுகின்றானா? கடன்படுகின்றான் எனில் அக்கடன் யாது, அதனை எங்ஙனம் தீர்ப்பது? இவ்வினாக்களைப் பொதுவில் நின்று ஆராய்வதிலும், நன்கறிந்த ஓர் உதாரணத்தின்மீது நின்று ஆராய்வதே பயனுடைத்து. அவ்வுதாரணமாக இங்கு கொள்ளப்படுவது தைத்தானியமீரொட்சைட்டு. நீர், ஒளி ஆகிய இரண்டின் பெயராலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராயப்பட்டுவரும் பொருள்கள் சிலவற்றுள் இது தலையாயது.

முதலில் பொருளை அறிவோம். தைத்தானியமீரொட்சைட்டு நம் வீட்டுச் சுவரின் வெள்ளை நிறப்பூச்சிலும், எழுதும் தாளிலும், பிளாத்திக்குப் பொருள்களிலும், பற்பசையிலும் உள்ள வெண்தூளேயாகும். உலகில் அகழப்படும் தைத்தானியக் கனிமத்தின் மிகப் பெரும் பகுதி இவ்வெண்மைக்கே செலவாகின்றது. இத்தூளுக்கு ஒளியின்கீழ்ப் பிற பொருள்களைச் சிதைக்கும் ஆற்றல் உண்டென்பதை முதலில் உணர்ந்தோர் நிறப்பூச்சு உற்பத்தியாளரே. ஆனால் அவர்களுக்கு அது ஒரு குறையாகவே தோன்றிற்று. வெயிலில் நின்ற சுவரின் பூச்சு நாளடைவில் சுண்ணத்தூள்போல் உதிர்வதற்கு இவ்வாற்றல் காரணமாயிற்று. ஆதலால் தூளின் மணிகளைச் சிலிக்கா, அலுமினா முதலியவற்றால் போர்த்து அவ்வாற்றலை அவர்கள் அடக்கினர். ஒருவர் அடக்க முயன்ற அதே இயல்பைத் தூண்டிவிடவே பின்வந்த ஆய்வாளர் முயன்றனர். ஓர் இயல்பு தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அதனை எதன்பொருட்டு நாடுகின்றோம் என்பதே அதற்கு மதிப்பைத் தருகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1972ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளரான அக்கிரா புஜிசிமாவும் அவர்தம் ஆசிரியர் கெனிச்சி ஹொண்டாவும் வெளியிட்ட சிறு கட்டுரையொன்று இப்பொருளின் வரலாற்றைத் திசைதிருப்பிற்று. நீரில் அமிழ்த்திய தைத்தானியமீரொட்சைட்டு மின்வாயொன்றின்மீது ஒளியைப் பாய்ச்சியபோது அதில் ஒட்சிசன் வெளிவந்ததையும், அதனோடு இணைத்த பிளாத்தின மின்வாயில் ஐதரசன் வெளிவந்ததையும் அவர்கள் காட்டினர். அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி உலகைத் தாக்கியமையால் நீரிலிருந்து எரிபொருள் என்னும் கனவு பலரைக் கவர்ந்தது. 1977இல் பிராங்கு, பாட் ஆகியோர் இத்தூள் நீரிலுள்ள சயனைட்டைச் சிதைப்பதைக் காட்டினர். 1985இல் இது நுண்ணங்கிகளைக் கொல்லவல்லது என்பது யப்பானில் நிறுவப்பட்டது. 1991இல் சுவிற்சர்லாந்தின் லோசானில் ஓரீகனும் கிறாற்செலும் இத்தூளின் நுண்டுளைப் படலத்தில் சாயமூட்டி, ஏறத்தாழ 7 சதவீத வினைத்திறனுடைய மலிவான சூரியக் கலமொன்றை அமைத்தனர்.

இவ்விந்தையின் அடிப்படை எளிது. தைத்தானியமீரொட்சைட்டு ஒரு குறைகடத்தி. போதிய சக்தியுடைய ஒளி அதன்மீது விழும்போது ஓர் இலத்திரன் தன் இடத்தைவிட்டு மேலெழுகின்றது. அது நின்ற இடத்தில் ஒரு வெற்றிடம், அதாவது ஒரு துளை, எஞ்சுகின்றது. இத்துளை நீரோடு தாக்கமுற்று மிக்க வீரியமுடைய ஐதரொட்சில் மூலிகங்களைத் தோற்றுவிக்கின்றது. அவை சேதனப் பொருள்களைத் துண்டாடி ஈற்றில் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றுகின்றன. ஆயின் இலத்திரனை மேலெழுப்ப, அனற்றேசு என்னும் பளிங்குவடிவத்தில் 3.2 இலத்திரன்வோல்ற்றுச் சக்தி வேண்டும். இதனைத் தரவல்லது கழியூதாக் கதிரே. நம்மை வந்தடையும் சூரிய ஒளியின் சக்தியில் அதன் பங்கு 5 சதவீதமளவினதே. எஞ்சிய ஒளி முழுவதற்கும் இத்தூள் குருடாகவே இருக்கின்றது.

பொருளைத் திருத்தியமைத்தல் என்னும் பெருமுயற்சி இங்கேதான் தொடங்குகின்றது. பளிங்கினுள் நைதரசன் போன்ற வேற்றணுக்களைப் புகுத்திக் கட்புலனாகும் ஒளியையும் ஏற்கச் செய்யலாம் என 2001இல் அசாகியும் உடனாய்வாளரும் காட்டினர். வெள்ளி, பொன் முதலிய உலோகத் துணிக்கைகளை மேற்பரப்பில் பதித்தோர் உளர். ஐதரசனூட்டித் தூளையே கருநிறமாக்கியோர் உளர். வேற்றணு புகுத்தலைக் குறைகடத்தியியலார் மாசூட்டல் என வழங்குவர். நீரின் மாசை நீக்கும்பொருட்டுத் தூய பளிங்குக்கு மாசூட்ட வேண்டியிருப்பது சிந்திக்கத்தக்கது. குறைவில்லாத் தூய்மை பயனற்று நிற்க, அளவறிந்து ஏற்ற குறை பயன்தருகின்றது.

நமது நாட்டுக்கும் இவ்வாய்வில் பங்குண்டு. கண்டி அந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் அவர்தங் குழுவினரும், திரவத்தை அகற்றிச் செப்பயடைட்டைக் கொண்டு முழுதும் திண்மத்தாலான சாயக்கலமொன்றை 1995இல் அமைத்தனர். அதற்கு அவர்கள் பயன்படுத்திய சாயம் மலர்களில் காணப்படும் நிறப்பொருளாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியற்றுறையிலும் இப்பொருளைத் தழுவிய சூரியக்கல ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன. எனவே நாம் எழுப்பிய வினா பிறநாட்டு ஆய்வாளரை நோக்கியது மட்டுமன்று, நம்மை நோக்கியதுமாகும்.

இனி அவ்வினாவுக்கு வருவோம். பரீட்சைக்காகவோ பட்டத்திற்காகவோ இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவன் ஒருவன் விடுமுறையில் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலுள்ள தன் வீட்டுக்குச் செல்கின்றான் எனக் கொள்வோம். அவன் என்ன படிக்கின்றான் என வினவிய தாய்க்கு, வெயிலைக்கொண்டு தண்ணீரைச் சுத்தமாக்கும் தூளைப் பற்றி ஆராய்வதாக விளக்குகின்றான். அவள் முகம் மலர்கின்றது. “அப்ப எங்கட கிணத்துத் தண்ணியையும் சுத்தமாக்கலாமோ தம்பி?” என அவள் கேட்கின்றாள்.

இவ்வெளிய வினாவுக்கு அவன் கூறவேண்டிய உண்மையான விடை யாது? யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரிக்கு மட்டுமே உரியது. சுண்ணாம்புக்கற் படையில் தேங்கும் மழைநீரே கிணற்றுநீராகின்றது. தோட்டங்களுக்கு இடப்படும் பசளையினின்றும் மலக்குழிகளினின்றும் நைத்திரேற்று அந்நீரிற் கலக்கின்றது. கரையோரங்களில் உவர் ஏறுகின்றது. உவரையும் நைத்திரேற்றையும் இத்தூள் அகற்றாது. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் புளோரைட்டையும் நீரின் வன்மையையும் அது அகற்றாது. சேதனப் பொருள்களைச் சிதைப்பதும் நுண்ணங்கிகளைக் கொல்வதுமே அதன் தொழில். அத்தொழிலையேனும் அங்கு அது செவ்வனே செய்யுமோ எனின், அதுவும் ஐயமே. சுண்ணாம்புக்கல் நீரில் நிறைந்துள்ள இருகாபனேற்று அயன்கள் ஐதரொட்சில் மூலிகங்களை இடைமறித்து விழுங்கிவிடுகின்றன. ஆய்வுகூடத்துக் காய்ச்சிவடித்த நீரில் ஒரு மணி நேரத்தில் நிகழ்ந்தது கிணற்றுநீரில் நெடுநேரம் செல்லும். இறுதியில் நீரோடு கலந்த நுண்தூளை வடித்தெடுக்கவும் வேண்டும். வடித்தலைத் தவிர்க்கத் தூளைக் கண்ணாடிமீது பதித்தால், நீரோடு தொடும் பரப்புக் குறைந்து வேகமும் குறைகின்றது.

இவையெல்லாம் துறைபோகியோர் அறிந்தவையே. ஆயினும் அம்மாணவனின் கட்டுரையின் முதற் பந்தியில் தாயின் கிணறு இடம்பெற்றிருக்கும். இக்குறைகள் எங்கும் இடம்பெற்றிரா. அவன் பொய்யுரைத்தானா? ஒரு வாக்கியமேனும் பொய்யன்று. பயன்படக்கூடும் என்பதே அவன் சொன்னது. ஆனால் உண்மையான வாக்கியங்களால் உண்மையல்லாத நம்பிக்கையொன்றைக் கட்டியெழுப்ப முடியும் என்பதை நாம் அறிவோம். வாய்மை என்பது வாக்கியத்தின் பண்பு மட்டுமன்று. கேட்போன் நெஞ்சில் அது விளைவிக்கும் பயனையும் சார்ந்தது.

ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், மனிதனை ஒருபோதும் வெறும் சாதனமாக மட்டும் கொள்ளலாகாது, அவனைத் தன்னிலேயே ஒரு குறிக்கோளாகவும் கொள்ளவேண்டும் என வலியுறுத்தினார். தாகமுடையோனை முதற் பந்தியில் நிறுத்தி, அவனைக் காட்டி ஆய்வுக்கான நிதியையும் பதவியுயர்வையும் பெற்று, பின்னர் அவன் நீரை ஒருமுறையேனும் பரிசோதியாது விடும் ஆய்வாளன், அவனைச் சாதனமாகவே கொண்டான் என்பதில் ஐயமில்லை. பிறர் பெயரைச் சொல்லிப் பெற்ற பொருளுக்கு அப்பிறருக்கே கணக்குக் காட்டவேண்டும் என்பது கோவிற் கணக்குக்கும் சங்கக் கணக்குக்கும் நாம் ஒப்புக்கொண்ட நியதி. அது விஞ்ஞானத்துக்கும் பொருந்தும்.

இக்கருத்துக்கு இரு மறுப்புகள் எழலாம். அறிவு அறிவுக்காகவே தேடப்படுவது, பயனைக் கேட்பது அதனை இழிவுபடுத்துவதாகும் என்பது முதலாவது. அரித்தோற்றில் முதலாகப் பலர் இக்கொள்கையை ஏதோவொரு வடிவில் பேணியுள்ளனர். நாம் இதனை முழுமனத்தோடு ஏற்கின்றோம். ஒளி படும்போது ஒரு பளிங்கினுள் நிகழ்வது என்ன என்று அறியும் வேட்கை தன்னிலேயே மதிப்புடையது; அதற்கு வேறு நியாயம் தேவையில்லை. ஆனால் அத்தகைய வேட்கையுடையோன் அதனையே வெளிப்படக் கூறலாமன்றோ? அறிவார்வத்தின் பெயரால் ஆராய்வோன் நேர்மையானவன். தாகத்தின் பெயரால் ஆராய்ந்து தாகத்துக்குப் பொறுப்பேற்போனும் நேர்மையானவன். முன்னதைச் செய்துகொண்டு பின்னதன் மொழியைக் கடன்வாங்குவதிலேயே தவறு உள்ளது. அறிவார்வத்தைச் சொல்ல நாணி, இரக்கத்தைப் போர்வையாக்குவதால் இரண்டுமே மதிப்பிழக்கின்றன.

இரண்டாவது மறுப்பு வலிமை மிக்கது. விஞ்ஞானத்தில் விதைப்போன் ஒருவன், அறுப்போன் வேறொருவன். தன் ஆய்வு எங்கே சென்று பயன்தரும் என்பதை எவராலும் முன்கூட்டி அறிய முடியாது. ஆதலால் ஒவ்வொரு ஆய்வாளனையும் கிணற்றடிவரை வந்து சேருமாறு கேட்பது நீதியன்று என்பர். தைத்தானியமீரொட்சைட்டின் வரலாறே இதற்குச் சான்று பகரும். 1991இன் சாயக்கலம், ஆய்வுகூடத்தில் 15 சதவீத வினைத்திறனை எட்டியபின்னரும், விலைகுறைந்த சிலிக்கன் பலகைகளுக்கு முன் கூரைகளில் இடம்பிடிக்கவில்லை. அதன் வாக்குறுதி தோற்றதெனவே பலர் கருதினர். ஆயின் 2009இல் யப்பானில் மியசக்காவின் குழுவினர் அதே தைத்தானியமீரொட்சைட்டுப் படலத்தின்மீது சாயத்துக்குப் பதிலாகப் பெறோவ்சுகைற்று என்னும் பளிங்கைப் படியவைத்தனர். அன்று 4 சதவீதத்தையும் எட்டாத அக்கலங்களின் வினைத்திறன் இன்று 25 சதவீதத்தைத் தாண்டியுள்ளது. சாயக்கலத்தில் உழைத்தோர் எண்ணிப்பாராத இடத்தில் அவர்தம் உழைப்பு முளைத்தது. அங்கும் ஈயம் கலந்திருப்பது என்னும் புதிய அறவினா உடன் முளைத்தது.

இம்மறுப்பு கடனை இல்லாமற் செய்யவில்லை; அதன் இயல்பைத் தெளிவாக்குகின்றது. விளைவு எவர் கையிலும் இல்லை. ஆகவே விளைவைத் தருவது ஆய்வாளன் கடனாகாது. தாகத்தைக் கருத்திற்கொண்டு ஆய்வை நடத்துவதும், அதைப் பற்றி உள்ளதை உள்ளவாறு கூறுவதுமே அவன் கடன். இவை இரண்டும் முழுக்க அவன் கையில் உள்ளவை.

இக்கடன் நடைமுறையில் யாதாகும் என்பதையும் கூறாவிடின் நாமும் முதற் பந்தியோடு நின்றவராவோம். தன் தூளை மெய்யான நீரில் சோதிப்பது முதற் கடமை. இத்துறையில் மாசுக்குப் பதிலாக மெதிலீன் நீலம் முதலிய சாயங்களை முகவையிலிட்டு, நீலம் வெளிறுவதை அளப்பது பெருவழக்கு. இது எளிது, கண்ணுக்கும் இனிது. ஆனால் சாயம் தானே ஒளியை ஏற்றுத் தன் இலத்திரனைத் தூளுக்குக் கொடுத்துச் சிதையக்கூடும். அந்நிலையில் கட்புலனாகும் ஒளியை ஏற்றது தூளன்று, சாயமே. சாயக்கலத்தில் பயன்தரும் அதே நிகழ்ச்சி, நீர்ச்சோதனையில் ஆய்வாளனை ஏமாற்றும் நிகழ்ச்சியாகின்றது. நிறமற்ற மாசுகளோடும், உப்பும் வன்மையுமுடைய கிணற்றுநீரோடும் சோதித்தாலன்றி உண்மை வெளிப்படாது.

எளிய வழிகளோடு ஒப்பிடுவது அடுத்த கடமை. தெளிந்த நீரை நிறமற்ற போத்தலில் நிரப்பிக் கடும் வெயிலில் ஆறு மணி நேரம் வைத்தால், கழியூதாக் கதிராலும் வெப்பத்தாலும் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அழிகின்றன. பல நாடுகளில் வறியோர் கைக்கொள்ளும் முறை இது. இதற்குத் தூளும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். தன் திருத்திய பொருள் வெறும் வெயிலைவிட எவ்வளவு மேலானது, அம்மேன்மை அதன் விலைக்குத் தகுமா என்று கேட்க அஞ்சுவோன் தாகத்தின் பெயரைச் சொல்லாதிருத்தல் நன்று.

இயலாதவற்றையும் தீயவற்றையும் மறையாது கூறுவது மூன்றாவது கடமை. உணவுப் பொருள்களில் வெண்மைக்காகச் சேர்க்கப்பட்டுவந்த தைத்தானியமீரொட்சைட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடைசெய்தது. பாரம்பரியப் பதார்த்தத்துக்கு அது ஊறு விளைவிக்கலாம் என்னும் ஐயத்தை நீக்க முடியாமையே காரணம். குடிநீரில் நுண்தூளைக் கலந்து வடிக்க முனைவோர் இச்செய்தியைத் தம் முதற் பந்தியிலேயே இடுதல் தகும். தோற்ற சோதனைகளையும் வெளியிடல் வேண்டும். ஒருவர் மறைத்த தோல்வியை மற்றொருவர் மீளச் செய்து காலமும் பொருளும் இழக்கின்றார்.

இக்கடமைகளை ஆய்வாளன்மேல் மட்டும் சுமத்துவது முறையாகாது. கட்டுரைகளை எண்ணிப் பதவி வழங்கும் பல்கலைக்கழகமும், புதுமையை மட்டும் வேண்டிநிற்கும் சஞ்சிகையும், தோல்வியைச் சொன்ன மாணவனைத் தோற்றவனாகவே கருதும் ஆசிரியரும் இக்கடனில் பங்காளிகளே. தூய பளிங்குக்கு மாசூட்டித் திருத்தக் கற்றுக்கொண்ட நாம், இவ்வழக்கங்களைத் திருத்த இன்னும் கற்கவில்லை.

நமது நாட்டுக்கே உரிய மற்றொரு காட்சியும் உண்டு. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைற்றும் உரூத்தைலும் செறிந்துள்ளன. தைத்தானியத்தின் தாய்க்கனிமங்கள் இவை. அம்மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகின்றது. நுண்தூளாகி, ஆய்வுகூடத்துப் புட்டியிலடைபட்டு, பன்மடங்கு விலையில் நம்மிடம் மீள்கின்றது. வெயிலும் மணலும் நம்முடையன, தாகமும் நம்முடையது. இவை மூன்றையும் இணைக்கும் அறிவை நாம் ஈட்டாதவரை, பிறர் கட்டுரையின் முதற் பந்தியாகவே நாம் எஞ்சுவோம்.

வள்ளுவர் ஒப்புரவைப் பேசுமிடத்து, பேரறிவுடையோன் செல்வத்துக்கு ஊரார் உண்ணும் நீர்நிலையான ஊருணியை உவமையாக்கினார். ஊருணி வாக்குறுதி தருவதில்லை. நிறைந்திருக்கின்றது, வருவோர் மொள்கின்றனர். அறிவையும் செல்வமெனக் கொள்ளும் நாம் இவ்வுவமையைப் பல்கலைக்கழகத்துக்கும் பொருத்திப் பார்த்தல் தகும்.

அத்தாயின் வினா இன்னும் விடையின்றி நிற்கின்றது. “இல்லை அம்மா, இந்தத் தூளால எங்கட கிணத்து உப்பை எடுக்கேலாது. கிருமியைக் கொல்லலாம், அதுக்கும் இன்னும் கனக்க வேலை இருக்கு” என்று மகன் விடையிறுத்தானாயின், அவள் முகம் சிறிது வாடலாம். ஆயினும் அவள் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதை நிறுத்தமாட்டாள். அவனும் அடுத்த முறை ஆய்வுகூடத்துக்குச் செல்லும்போது ஒரு போத்தல் கிணற்றுநீரை உடன் கொண்டுசெல்வான். கடனைத் தீர்க்கும் பணி அப்போத்தலிலிருந்தே தொடங்குகின்றது.